டிராம் பணிமனையில் ஒரு புகையிரதப் பிரியர்

புகையிரதத்தைக் கண்டு மகிழாத சிறுவர் அரியர். அந்த மகிழ்ச்சியை முதுமை வரையும் விடாது போற்றுவோர் அவரினும் அரியர். இத்தகையோர் எல்லா நாடுகளிலும் உளரெனினும், அவர்களை ஒரு தனிக் குலமாகவே காணக்கூடிய நாடு இங்கிலாந்தாகும். அங்கே நிலைய மேடைகளின் கோடியில், குளிரையும் மழையையும் பொருட்படுத்தாது, கையில் குறிப்பேட்டுடன் நின்று, வரும் வண்டிகளின் எண்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளும் மனிதரைக் காணலாம். 1942ஆம் ஆண்டில், புகையிரதக் கம்பெனியொன்றில் எழுதுவினைஞராயிருந்த இயன் அலன் என்னும் இளைஞர், அக்கம்பெனியின் இயந்திரங்களின் எண்களையெல்லாம் தொகுத்து ஒரு சிறுநூலாக வெளியிட்டார். அந்நூல் விரைவில் விற்றுத் தீர்ந்தது. அதைப் பின்பற்றிப் பல நூல்கள் தோன்றின. பட்டியலிலுள்ள ஓர் எண்ணைக் கண்ணாற் கண்டதும் அதன்கீழ்க் கோடிடுவது இப்பிரியர்களின் வழக்கமாயிற்று. கோடிடப்படாத எண் ஒன்று எஞ்சியிருக்கும் வரை அவர்களுக்கு அமைதி இல்லை.

இலண்டன் மாநகரின் தென்பகுதியிலுள்ள குறொய்டன் நகருக்கு அத்தகைய பிரியர் ஒருவர், அங்குள்ள டிராம் பணிமனையைப் பார்ப்பதற்குச் செல்கிறார் எனக் கொள்க. அவர் யாராகவும் இருக்கலாம். விம்பிள்டனில் விநாயகர் ஆலயத்தை அமைத்து வழிபடும் ஈழத்தமிழருள் ஒருவராகவும் இருக்கலாம். ஏனெனில் இந்த டிராம் பாதை தொடங்குவது அதே விம்பிள்டனில்தான். அவர் காண்பது யாது, அறிவது யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

முதலில், அவர் காணச் செல்லும் வண்டி எத்தகையது என்பதைச் சொல்லுதல் வேண்டும். ஆங்கிலத்தில் ‘லைட் ரெயில்’ எனப்படுவதை இலகு புகையிரதம் எனலாம். இதிற் புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. மேலே செல்லும் கம்பியிலிருந்து 750 வோல்ற்று மின்சாரத்தைப் பெற்று ஓடுவது இது. நகரின் நடுவே வீதியிற் பதிக்கப்பட்ட தண்டவாளத்தில் மோட்டார் வாகனங்களோடு கலந்து செல்லும். நகரின் புறத்தே தனக்கெனவுள்ள பாதையிற் புகையிரதம் போல விரைந்து செல்லும். வீதியில் ஓடும்போது அது பஸ்வண்டியின் உறவினன். தனிப்பாதையில் ஓடும்போது அது புகையிரதத்தின் உறவினன். இவ்விரட்டைத் தன்மையே அதன் பயனுக்குக் காரணம். அதன் இடர் ஒன்றுக்கும் அதுவே காரணமாயிற்று என்பது பின்னர்ப் புலனாகும்.

விம்பிள்டனிலிருந்து குறொய்டன் நோக்கிச் செல்லும் பிரியர் தம் இருக்கையிலிருந்தே வரலாற்றை வாசிக்கத் தொடங்கிவிடுகிறார். அவர் செல்லும் வழியின் ஒரு பகுதி, பொதுமக்கள் உபயோகத்துக்கெனப் பாராளுமன்றத்தின் அனுமதி பெற்று அமைந்த புகையிரதப் பாதைகளுள் முதலாவதான சறி இரும்புப் பாதை கிடந்த வழியாகும். 1803ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அப்பாதையில் நீராவி இயந்திரம் ஓடவில்லை. குதிரைகளே வண்டிகளை இழுத்தன. சுங்கம் செலுத்தி எவரும் தத்தம் வண்டியையும் குதிரையையும் கொண்டுவந்து ஓட்டலாம். அது 1846ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1855ஆம் ஆண்டில் அவ்வழியின் ஒரு பகுதியைத் தழுவி நீராவிப் புகையிரதம் வந்தது. அது பின்னர் மின்சாரம் பெற்று, நூற்றுநாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடி, 1997ஆம் ஆண்டில் நின்றது. அதன் தடத்திலே 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் டிராம் வந்தது. குதிரை, நீராவி, மின்சாரம் என மூன்று யுகங்கள் ஒரே நிலத்தின் மீது ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு சென்றிருக்கின்றன.

குறொய்டனுக்கு டிராம் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இலண்டன் முழுவதும் டிராம் வண்டிகள் ஓடின. பின்னர் அவை வீதி நெரிசலுக்குக் காரணமென்று பழிக்கப்பட்டு, பஸ்வண்டிகளுக்கு இடமளித்து விலகின. குறொய்டனில் 1951ஆம் ஆண்டிலும், இலண்டனின் ஏனைய பகுதிகளில் 1952ஆம் ஆண்டு யூலை மாதத்திலும் அவை நின்றன. ஏறத்தாழ நாற்பத்தெட்டு ஆண்டுகளின் பின்னர் டிராம் மீண்டும் வந்தபோது, அதனை அமைத்தோர் ஓர் அழகிய செயலைச் செய்தனர். பழைய இலண்டன் டிராம் வண்டிகளுள் மிக உயர்ந்த எண்ணைத் தாங்கியது 2529 என்னும் வண்டி. புதிய வண்டிகளின் முதலாவதற்கு அவர்கள் 2530 என்று எண்ணிட்டனர். எண்களைப் போற்றும் பிரியருக்கு இதனினும் இனிய செய்தி வேறில்லை. இடையிலே அரை நூற்றாண்டு வெறுமையாகக் கிடந்தும், கணக்கேட்டில் அடுத்த வரியிலேயே எழுத்துத் தொடர்கிறது.

தெரேப்பியா லேன் என்னும் தரிப்பிடத்தில் இறங்கினால் பணிமனை அருகிலேயே தெரிகிறது. ஆயினும் விரும்பியவர் விரும்பியபடி உள்ளே நுழைதல் இயலாது. முன்னரே அனுமதி பெறல் வேண்டும். ஒளிவீசும் மேற்சட்டை அணிதல் வேண்டும். தண்டவாளத்தின்மீது கால் வைத்தல் ஆகாது. வழிகாட்டுபவரை விட்டு விலகுதல் ஆகாது. மின்சார வண்டி ஓசையின்றி வரும். நீராவி இயந்திரத்தைப் போலத் தூரத்திலிருந்தே மூச்சிரைத்துக்கொண்டு அது தன் வரவை அறிவிப்பதில்லை.

பணிமனையின் புறத்தே பல தண்டவாளங்கள் விசிறிபோல் விரிந்து கிடக்கின்றன. இரவிற் சேவை முடிந்தபின் வண்டிகள் இங்கே வந்து உறங்குகின்றன. விடியுமுன்னர் ஒவ்வொன்றாக எழுந்து செல்கின்றன. பகலில் இங்கே நிற்பவை, முறைப்படி சோதனைக்கு வந்தவையும் பழுதுற்றவையுமேயாம். 28 கிலோமீற்றர் நீளமும் 39 தரிப்பிடங்களும் கொண்ட பாதைகள் அனைத்துக்கும் உரிய வண்டிகளின் இல்லம் இதுவே. 2530 முதல் 2553 வரையான 24 வண்டிகள் வியன்னா நகரிற் செய்யப்பட்டவை. 2012ஆம் ஆண்டு முதல் ஸ்ராட்லர் கம்பெனி செய்த 12 வண்டிகள் அவற்றோடு சேர்ந்தன. வியன்னா வண்டிகள் இன்று முதுமையடைந்துவிட்டன. அவற்றுக்குப் பதிலாகப் புதியவற்றைப் பெறும் ஏற்பாடுகள் நடைபெறுகின்றன.

பிரியர் முதலில் அழைத்துச் செல்லப்படுவது ஒரு நீண்ட குழிக்கு. தண்டவாளங்களின் நடுவே மனிதர் நின்று வேலை செய்யத்தக்க ஆழத்தில் அது வெட்டப்பட்டிருக்கிறது. முப்பது மீற்றர் நீளமுள்ள வண்டி தலைக்குமேல் நிற்கிறது. வீதியிற் காணும்போது மென்மையாகவும் ஒயிலாகவும் தோன்றும் அவ்வண்டி, கீழிருந்து காணும்போது எண்ணெயும் எஃகும் பிரேக்குத் தூளும் படிந்த கடுமையான யந்திரமாகத் தோன்றுகிறது.

இங்கே முதன்மையாகக் கவனிக்கப்படுவது சில்லு. டிராமின் சில்லு ஒரே எஃகுத் துண்டன்று. வெளி வளையத்திற்கும் நடுப்பகுதிக்கும் இடையே இறப்பர் வைத்துச் செய்யப்படுகிறது. வீதியோரத்து வீடுகளில் அதிர்வும் இரைச்சலும் குறைவதற்கே இந்த ஏற்பாடு. சில்லின் உட்புறத்து விளிம்பே வண்டியைத் தண்டவாளத்தில் நிறுத்துகிறது. குறுகிய வளைவுகளில் அவ்விளிம்பு உரசித் தேய்கிறது. ஆகவே அதன் தடிப்பும் உயரமும் அளவுகோல் கொண்டு அளக்கப்படுகின்றன. வேறொரு நோயும் உண்டு. இலையுதிர் காலத்தில் ஈர இலைகள் தண்டவாளத்தில் நசுங்கி வழுக்கலாகும்போது, பிரேக்குப் பிடித்த சில்லு சுழலாமற் சறுக்கும். சறுக்கிய இடம் தட்டையாகிவிடும். பின்னர் அச்சில்லு உருளும்தோறும் ‘தடக் தடக்’ என்று அடிக்கும். அத்தகைய சில்லு கடைசல் யந்திரத்தில் மீண்டும் வட்டமாக்கப்படல் வேண்டும். ஒவ்வொரு முறை கடையும்போதும் எஃகு சிறிது குறைகிறது. குறித்த எல்லைக்குக் கீழே குறைந்தால் வளையத்தையே மாற்றுதல் வேண்டும். நகரத்தார் ‘வண்டி இன்று மெதுவாகச் செல்கிறது’ என்று சலித்துக்கொள்ளும் கார்த்திகை மாதத்துக் காலைப்பொழுது, பணிமனையில் சில்லின் ஆயுட்கணக்காகப் பதிவாகிறது.

சறுக்கலுக்கு மருந்து மணல். ஆம், உலர்ந்த சாதாரண மணலே. இத்துணை நுட்பமான மின்சார வண்டியிலும் மணற்பெட்டிகள் உள்ளன. தேவையானபோது சில்லின் முன்னே தண்டவாளத்தில் மணல் தூவப்படுகிறது. நீராவிக் காலத்து இயந்திரச் சாரதிக்கு உற்ற துணையாயிருந்த அதே மணலை இங்கே கண்டு பிரியர் பழைய நண்பனைச் சந்தித்தவர்போல் மகிழ்கிறார். மணல் ஈரமானாற் குழாயில் அடைத்துக்கொள்ளும். ஆகவே அது உலர்ந்திருக்கிறதா, பெட்டி நிரம்பியிருக்கிறதா என்பவற்றைப் பார்ப்பது அன்றாடக் கடமை.

பிரேக்குகள் மூவகை. முதலாவது, வண்டியின் மோட்டார்களையே மின்னாக்கியாக மாற்றி வேகத்தைக் குறைப்பது. இரண்டாவது, சில்லோடு சுழலும் வட்டத்தை இருபுறமும் பற்றி நிறுத்துவது. மூன்றாவது, அவசர காலத்தில் மின்காந்தத்தால் தண்டவாளத்தையே பற்றிக்கொள்ளும் இரும்புக் கட்டை. வீதியிற் குழந்தையொன்று குறுக்கே ஓடினால் வண்டியை நிறுத்துவதற்கு இம்மூன்றும் சேர்ந்து உழைக்கின்றன. பொதுவான புகையிரதத்தினும் டிராம் மிகக் குறுகிய தூரத்தில் நிற்பது இதனாலேயே.

அடுத்து, ஏணிவழி மேலே. பிரயாணிகள் படியின்றி ஏறும்பொருட்டு வண்டியின் தளம் தாழ்வாக அமைக்கப்பட்டுள்ளது. குழந்தை வண்டி தள்ளும் தாயும் சக்கர நாற்காலியில் இருப்பவரும் பிறர் உதவியின்றியே ஏறலாம். தளம் தாழ்ந்ததால் கீழே இருக்கவேண்டிய கருவிகள் பல கூரைக்கு ஏறிவிட்டன. கம்பியைத் தொட்டு மின்சாரம் பெறும் மடிப்புக்கையின் உச்சியிற் கரித்துண்டு ஒன்று உண்டு. கம்பி தேயாதிருக்கத் தான் தேய்வதே அதன் தொழில். அது தேய்ந்த அளவைப் பார்த்து மாற்றுகிறார்கள். கூரைக்கு ஏறுமுன் மேற்கம்பியின் மின்சாரம் துண்டிக்கப்பட்டு, துண்டிக்கப்பட்டதென்பதும் உறுதிசெய்யப்படல் வேண்டும். அவ்வுறுதி கிடைக்குமுன் எவரும் மேலே ஏறுவதில்லை; எத்துணை அவசரமாயினும் இம்முறைக்கு விலக்கில்லை.

இவற்றையெல்லாம் கண்ட பிரியர் தம் குறிப்பேட்டை எடுத்துப் பார்க்கிறார். பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கோடிட்டு வந்த பட்டியலில், ஓர் எண்ணின்கீழ் மட்டும் கோடில்லை. அவ்வெண் 2551. அதனைப் பணிமனையிற் காணலாமென்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. அவ்வண்டி மீண்டும் சேவைக்கு வரவில்லை என்பதை அவர் அறிவார்.

2016ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 9ஆம் திகதி, புதன்கிழமை. விடியாத காலை ஆறு மணி கடந்து சில நிமிடங்கள். இருளும் மழையும். நியூ அடிங்டனிலிருந்து விம்பிள்டனுக்குப் புறப்பட்ட 2551ஆம் வண்டியில் வேலைக்குச் செல்லும் மக்கள் ஏறத்தாழ எழுபது பேர் இருந்தனர். சான்டிலன்ட்ஸ் தரிப்பிடத்துக்கு முன்னே, பழைய புகையிரதப் பாதையின் சுரங்க வழிகள் உள்ளன. அங்கே பாதை நேராகச் செல்லும். அக்காலத்தில் மணிக்கு 80 கிலோமீற்றர் வேகம் அனுமதிக்கப்பட்டிருந்தது. சுரங்கம் முடிந்ததும் பாதை கூரிய வளைவாகத் திரும்புகிறது. அங்கே அனுமதிக்கப்பட்ட வேகம் 20 கிலோமீற்றர். வண்டி 73 கிலோமீற்றர் வேகத்தில் அவ்வளைவிற் புகுந்தது. புரண்டு பக்கவாட்டில் வீழ்ந்து சறுக்கிச் சென்றது. ஏழு உயிர்கள் மாண்டன. 61 பேர் காயமுற்றனர். அவர்களுள் 19 பேரின் காயம் கடுமையானது. உடைந்த ஜன்னல்களும் கதவுகளும் வழியாக வெளியே வீசப்பட்டமையே பலருக்கு நேர்ந்த பெருந்தீங்கிற்குக் காரணமாயிற்று.

புகையிரத விபத்து விசாரணைக் கிளையின் அறிக்கை 2017ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிவந்தது. அவ்வறிக்கையைப் பணிமனையில் நின்று நினைப்பார்க்கு ஒரு செய்தி மிக ஆழமாகப் பதியும். அவ்விபத்துக்கு வண்டியின் பிரேக்கிலோ தண்டவாளத்திலோ இருந்த குறை காரணமன்று. மணல், கரி, சில்லு, காந்தம் யாவும் தத்தம் கடமைக்கு ஆயத்தமாகவே இருந்தன. குறித்த இடத்திற் பிரேக்குப் பிடிக்கப்படவில்லை என்பதே காரணம். சாரதி சிறிதுநேரம் தாம் எங்கே செல்கிறோம் என்ற உணர்வை இழந்திருத்தல் கூடும். கணநேர உறக்கம் அவரை ஆட்கொண்டிருத்தலும் கூடும் என்பது விசாரணையாளர் முடிவு.

சாரதி மயங்கினால் வண்டியை நிறுத்தும் கருவி ஒன்று இல்லாமலில்லை. கைப்பிடியிலுள்ள அழுத்தம் விடுபட்டால் வண்டி தானே நிற்கும். ஆயின் கண் அயர்ந்தபோதும் கை பிடியின்மேற் கிடக்கலாம் அல்லவா? கையின் பாரத்தை அக்கருவி அறியும். மனத்தின் விழிப்பை அது அறியாது. அன்றியும், டிராம் சாரதி மோட்டார் வாகனச் சாரதியைப்போலத் தம் கண்ணால் வழியைப் பார்த்தே ஓட்டுபவர். புகையிரதத்தில் சாரதியின் தவறைத் திருத்தும் காவற் கருவிகள் பல உண்டு. வீதியில் அவை இல்லை. வீதி வேகத்தில் ஓடும் வரை இது பொருந்தும். சுரங்கத்தினூடே புகையிரத வேகத்தில் ஓடியபோதும் வீதியின் காவல் மட்டுமே அதற்கு இருந்தது. முன்னர்க் குறிப்பிட்ட இரட்டைத் தன்மையின் இடர் இதுவே.

மற்றொரு செய்தியும் அறிக்கையில் உண்டு. அவ்விபத்துக்கு ஒன்பது நாட்களுக்கு முன், ஒக்டோபர் 31ஆம் திகதி, வேறொரு வண்டி அதே வளைவிலே அளவுக்கு மீறிய வேகத்திற் சென்று, புரளாது தப்பியது. அந்த எச்சரிக்கையிலிருந்து உரிய பாடம் உரிய வேளையிற் பெறப்படவில்லை. தாம் செய்த தவறுகளைச் சொன்னால் தண்டனை வருமோ என்ற அச்சத்தாற் சாரதிகளுட் சிலர் அவற்றைச் சொல்லத் தயங்கினர் என்பதும் விசாரணையில் வெளிப்பட்டது. தேய்ந்த சில்லு அளவுகோலின்முன் எதையும் மறைப்பதில்லை. மனிதனோ மறைப்பான், மறைக்காது சொல்லக்கூடிய சூழலை அவனுக்கு அமைத்துக் கொடுத்தல் மேலாளர் கடமை.

2023ஆம் ஆண்டு யூன் மாதத்தில் நீதிமன்றம் சாரதியைக் குற்றவாளியல்லர் என விடுவித்தது. அடுத்த மாதம், பாதைக்குப் பொறுப்பான இலண்டன் போக்குவரத்து நிறுவனத்துக்கு ஒரு கோடி பவுணும், வண்டிகளை நடத்திய நிறுவனத்துக்கு 40 இலட்சம் பவுணும் அபராதம் விதிக்கப்பட்டன. ஒரு மனிதனின் கணநேர அயர்வு எழுவரின் உயிரைப் பறிக்கக்கூடியதாய்ப் பாதை அமைந்திருந்தால், அவ்வயர்வுக்கு முன்னரே பிறர் செய்யவேண்டியிருந்தவை பல என்பதை இத்தீர்ப்புகள் உலகறியச் செய்தன.

அவற்றின் பயனைப் பணிமனையில் இன்று காணலாம். சாரதியின் இருக்கைக்கு முன்னே அவர் கண்களைக் கவனிக்கும் சிறு கருவி இருக்கிறது. இமைகள் அளவுக்கு மீறி மூடியிருந்தால் அது ஒலியெழுப்பும், இருக்கையும் அதிரும். இடர்மிக்க வளைவுகளை வண்டி மிகுந்த வேகத்தோடு அணுகினால், சாரதியைக் கேளாமலே பிரேக்குப் பிடிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. ஜன்னற் கண்ணாடி உடைந்தாலும் சிதறி வழிவிடாதபடி தடித்த மென்தகடு ஒட்டப்பட்டது. பாதையின் மிக உயர்ந்த வேகமும் குறைக்கப்பட்டது. நாடெங்குமுள்ள டிராம் சேவைகளுக்குப் பொதுவான பாதுகாப்புச் சபை ஒன்று 2019ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது.

முன்னர் மணற்பெட்டியைக் கண்டு மகிழ்ந்த பிரியர், இச்சிறு கருவியின்முன் நெடுநேரம் நிற்கிறார். இதற்குப் பழமையின் அழகில்லை, எண்ணில்லை, எந்தப் பட்டியலிலும் இதன்கீழ்க் கோடிடுவாரில்லை. ஆயினும் அப்பணிமனையிலுள்ள எல்லாவற்றிலும் அதிக விலை கொடுத்துப் பெறப்பட்ட பொருள் இதுவே என்பதை அவர் உணர்கிறார்.

இலங்கையருக்கும் இச்செய்தியில் ஒரு பங்குண்டு. கொழும்பு வீதிகளில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் 1960ஆம் ஆண்டு வரை டிராம் வண்டிகள் ஓடின. அதன் பின்னர் மாலபேயையும் கோட்டையையும் இணைக்க யப்பானின் கடனுதவியோடு வகுக்கப்பட்ட இலகு புகையிரதத் திட்டம் 2020ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. என்றேனும் ஒருநாள் இந்நாட்டிலோ அயல்நாட்டிலோ இத்தகைய பாதை அமைக்கப்படுமாயின், மக்கள் முதலிற் காண்பது பளபளக்கும் வண்டியையும் அழகிய தரிப்பிடத்தையுமே. பணிமனையை எவரும் காணார். அங்குள்ள குழி, அளவுகோல், மணல் என்பவற்றுக்கும், விடியுமுன் வண்டியை எடுத்துச் செல்லும் மனிதனின் உறக்கத்துக்கும் எவ்வளவு பொருளும் கவனமும் ஒதுக்கப்பட்டன என்று கேட்பவர் சிலரேயாவர். கேட்கவேண்டிய முதற்கேள்வி அதுவேயாம்.

மாலையிற் பிரியர் விடைபெற்றுத் தரிப்பிடத்துக்கு வருகிறார். விம்பிள்டன் செல்லும் வண்டி வருகிறது. வழக்கம்போல் அவர் கண் முதலில் எண்ணைப் பார்க்கிறது. ஆனால் அன்று அவர் எண்ணோடு நிற்கவில்லை; கண்ணாடிக்கப்பால் இருக்கும் சாரதியின் முகத்தையும் பார்க்கிறார். குறிப்பேட்டில் 2551இன் கீழ் அவர் கோடிடவில்லை. அதன் எதிரே ஒரு திகதியை மட்டும் எழுதி மூடிவைக்கிறார்.